ஊர்க் கோயிலின் கட்டட வரலாறு எழுதும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பங்குக் கோயிலுக்கு ஜூபிலி வந்தால் மலர் வரும், மலரில் கோயில் வரலாறு வரும், அதன் முதல் வரியே பெரும்பாலும் "பறங்கியர் காலத்துக் கோயில்" என்றுதான் இருக்கும். அப்படி எழுத அவசரப்படாதீர்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், ஊர் ஊராகக் கோயில் எழுப்பினார்கள், சரி. ஆனால் 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்து அவற்றைத் தங்கள் புரட்டஸ்தாந்து சபைக்கு எடுத்துக்கொண்டு கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். அதனால் 1687இல் வந்த கத்தோலிக்கக் குரு யோசேவ் வாஸ் அடிகள் மறைந்து மறைந்துதான் பூசை வைக்க வேண்டியிருந்தது. ஆகவே இன்று நாம் கும்பிடும் கத்தோலிக்கக் கோயில்களில் பல பிரித்தானியர் காலத்திலோ அதற்குப் பிறகோ எழுந்தவை. விசுவாசம் பழையது, சுவர் புதியது, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. பறங்கியர், ஒல்லாந்தர் காலத் தடத்தைப் பார்க்க விரும்பினால் வட்டுக்கோட்டைக்கும் தெல்லிப்பழைக்கும் போங்கள், 1816இல் வந்த அமெரிக்க மிஷன் பழைய கோயில் இடங்களில் வேலையைத் தொடங்கிய ஊர்கள் அவை. சங்கானையில் இடிந்த கோயிலே நிற்கிறது.

அடுத்தது முகப்பில் இருக்கும் ஆண்டு. அது முகப்பைக் கட்டிய ஆண்டாக மட்டும் இருக்கலாம். அத்திவாரக்கல் வைத்தது, அபிஷேகம் செய்தது, பங்கு தனியாகப் பிரிந்தது எல்லாம் வெவ்வேறு ஆண்டுகள். மணியில் வார்த்த ஆண்டு மணிக்கு உரியது, அவ்வளவுதான்.

சுவரை வாசிப்பதில்தான் ஆள் கூடுதலாக ஏமாறுகிறது. முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, கண்டதும் முந்நூறு வருடம் என்று முடிவு கட்டிவிடுவோம். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய எங்கள் பழைய நாற்சார் வீடுகளிலும் இருந்தவைதானே, இடிந்த கோயிலின் கல்லையே எடுத்துப் புதிய சுவரில் வைத்த இடங்களும் உண்டு. அதைவிட மூலையைப் பாருங்கள். பீடத்துப் பின்சுவரும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் கல்லுக்குள் கல் பின்னாமல் மேலிருந்து கீழாக நேர்க்கோடு விழுந்தால், ஒரு பக்கம் பிறகு சேர்த்ததாக இருக்கலாம். யன்னல் நிலையில் சுவரின் தடிப்பை அளந்து பாருங்கள், ஓரிடத்தில் இரண்டடி, இன்னோரிடத்தில் ஒன்பது அங்குலம் என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். இதையெல்லாம் சீமெந்து பூச முன்னம் பாருங்கள், படமும் எடுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு கோயிலில் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து அப்பினார்கள். இரண்டு மாரி போக உள்ளே ஈரம் ஏறி உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது, அதோடு பழைய வளைவின் விளிம்பும் உடைந்து விழுந்தது. அந்த விளிம்பை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை, இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

கடைசியாக, போர்க்கால இடப்பெயர்வில் பதிவேடு போய்விட்டது, இனி ஒன்றும் கிடைக்காது என்று கைவிடாதீர்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் ஊர்ச் சனத்திடம் 1990க்கு முந்தைய கலியாணப் படங்களைக் கேளுங்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கோயில் வாசலில்தான் நின்றிருப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் பழைய முகப்பு தெரியும்.