மூக்கில் அடிக்கும் மைக்ரேன் மருந்து: அடிப்பதற்கு முன்னாலேயே செய்துவிடும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மெடிக்கலுக்குப் போன மாதம் ஓர் அக்கா வந்தார். துப்பட்டாவால் நெற்றியை இறுக்கிக் கட்டியிருந்தார், வெளிச்சம் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டே, "தம்பி, மைக்ரேனுக்கு மூக்குல அடிக்கிற மருந்து இருக்காமே, அதைக் குடுப்பா" என்றார். காலையில் ஏதாவது போட்டீர்களா என்று கடைக்காரத் தம்பி கேட்டதும் பர்ஸிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்து நீட்டினார். நாலு மாத்திரைக்கு வெட்டிக் கொடுத்தது, ரெண்டு காலி. மருந்தின் பெயர் இருந்த பக்கம் வெட்டோடு போய்விட்டது. வாங்கியது அதே கடையில்தான் என்பதால் அந்தத் தம்பி மீதி அட்டையைத் தேடி எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தான்: எர்கோட்டமைன் 1 மி.கி. மருந்து கொடுக்கவில்லை. சரியாகத்தான் செய்தான்.

ஏனென்றால் ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான் ஸ்ப்ரேக்கள் ரத்தக் குழாயைச் சுருக்குபவை, எர்கோட்டமைனும் அதையே செய்யும், ரெண்டும் 24 மணி நேரத்துக்குள் உடம்பில் சேரக்கூடாது. மூக்கடைப்புக்கு அடிப்பது போல இதுவும் ஏதோ சின்ன மருந்து என்று நினைப்பதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. மூக்கு வெறும் வாசல், மருந்து போய்ச் சேருவது ரத்தத்தில்.

அதனால் நெஞ்சுவலி, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், கட்டுக்குள் வராத பிபி உள்ளவர்கள், கால் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. தலைவலியோடு ஒரு பக்கக் கை கால் மரத்துச் செயலிழக்கும் வகை மைக்ரேன் உள்ளவர்களுக்கும் இது கூடாது. நம் பக்கத்தில் வேலை, ஷிப்டு என்று பிபியைப் பார்க்காமலே வருடக்கணக்கில் ஓடுபவர்கள் நிறைய. முதல் ஸ்ப்ரேக்கு முன் ஒரு தடவை பிபி பாருங்கள். சர்க்கரை, கொழுப்பு, சிகரெட் எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், சில மாத்திரைகளோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று வேறு ஆபத்து வரலாம்.

அண்ணிக்கு எழுதிக் கொடுத்ததை நாத்தனார் அடித்துக்கொள்வது இன்னொரு வழக்கம். தலைவலி ஒன்றாக இருக்கலாம், இதயம் ஒன்றல்ல. கர்ப்பம் என்றாலோ, பால் கொடுக்கிறீர்கள் என்றாலோ டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

அடிக்கும் முறையிலும் கோட்டை விடுகிறோம். ஒரே டோஸ் மட்டும் உள்ள கருவியை, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று காற்றில் ஒரு தடவை அழுத்தினால் மருந்து மொத்தமும் அங்கேயே போயிற்று. மூக்கைச் சிந்திவிட்டு, தலையை நேராக வைத்து, ஒரு துளையை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்தபடி அழுத்த வேண்டும். பலமாக உறிஞ்சினால் தொண்டைக்கு இறங்கி வாயெல்லாம் கசக்கும். கேட்கவில்லையே என்று பத்து நிமிடத்தில் மறுபடி அடிப்பதுதான் பெரிய தவறு: சுமாட்ரிப்டான் என்றால் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி, 24 மணி நேரத்தில் 40 மி.கி.க்கு மேல் கூடாது. அடித்தபின் கண் சொக்கலாம், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அப்போது வண்டி ஓட்டாதீர்கள்.

அடித்தபின் நெஞ்சு, தாடை, கழுத்து இறுகினால் மருந்தின் சூடு என்று படுத்துவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதுவரை வராத மாதிரி இடி விழுந்தாற்போல் வரும் தலைவலிக்கும், காய்ச்சல், கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறலோடு வருவதற்கும் ஸ்ப்ரே தீர்வல்ல. நேராக ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

அப்புறம், மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் அடித்துக்கொண்டே போனால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். அடித்த நாளையெல்லாம் காலண்டரில் சுழித்து வைத்து அதையே டாக்டரிடம் காட்டுங்கள், மெடிக்கலில் மாத்திரை வெட்டித் தரும்போது பெயர் தெரிகிற பக்கமாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் முழு அட்டையை அங்கேயே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.