துப்பறியும் தொடரில் பட்டாளத்துக்காரர்: எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் யூடியூபுக்காகக் குறுந்தொடர் எடுக்கிறார்கள். படப்பிடிப்புக்கு முன் கதையை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அண்மையில் வந்தது ஒரு சிரிப்புத் துப்பறியும் கதை. கோயில் சிலை காணாமல் போகிறது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி துப்புத் துலக்குகிறாள். சிலையை எடுத்தவர், ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். முறுக்கிய மீசை, கேன்டீன் ரம், எடுத்ததற்கெல்லாம் ‘சுட்டுவிடுவேன்’ என்ற மிரட்டல். ஏன் திருடினார் என்பதற்குக் கடைசிக் காட்சியில் ஒரே வரி: “போர் அவரை மாற்றிவிட்டது.”

அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. போரைக் குற்றத்துக்குக் காரணமாக்குவதே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. லேசான துப்பறியும் தொடருக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு குற்றம், நாலு சந்தேக முகங்கள், கொஞ்சம் சிரிப்பு, ஒரு விடை. பொறாமை காரணம் என்றால் அதை வளர்க்க மூன்று காட்சிகள் வேண்டும். கடன் என்றால் இரண்டு. ‘எல்லையில் இருந்தவர்’ என்று சொல்லிவிட்டால் ஒரு காட்சியும் வேண்டாம், மீதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். இந்த வசதிக்கு விலை கொடுப்பவர் நம் தெருவில் உண்மையாகவே வசிக்கும் பட்டாளத்துக்காரர்.

வேறு விதமாகவும் எழுதலாம் என்பதற்கு அமெரிக்காவின் ‘மேக்னம் பி.ஐ.’ தொடரைச் சொல்வேன். 1980-ல் தொடங்கி 1988 வரை ஓடியது. ஹவாய்த் தீவின் வெயில், சிவப்புக் கார், பூப்போட்ட சட்டை. நாயகன் மேக்னம் வியட்நாம் போரில் இருந்த கடற்படை அதிகாரி. நண்பன் டி.சி. அங்கே ஹெலிகாப்டர் ஓட்டியவன். ஹவாயிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர்தான் ஓட்டுகிறான். போர் முடிந்து அப்போது ஐந்தே ஆண்டுகள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் ஒரு நோயாக இடம்பெற்றதும் அதே 1980-ல்தான். மேக்னம் கைச்செலவுக்குத் தடுமாறுவான், நண்பனிடம் ஹெலிகாப்டரை இலவசமாகக் கேட்பான், கேலி செய்வான். போர் அவன் பேச்சில் வந்து போகும். 1982-ல் வந்த ஒரு கதையில், போரில் சிறைப்பட்டிருந்த நாட்கள் முன்னுக்கு வருகின்றன. முடிவில் மேக்னம் ஆயுதமில்லாத எதிரி ஒருவனைச் சுடுகிறான். அது நெஞ்சில் கனப்பதற்குக் காரணம், அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் அந்த மனிதனோடு சிரித்திருக்கிறோம். முதல் நாளே சுட்டிருந்தால் அவன் யாரோ ஒரு துப்பாக்கிக்காரன்.

காயத்தைக் கதையின் வசதிக்கு நகர்த்துவது பழைய வழக்கம். ஷெர்லாக் ஹோம்ஸின் தோழர் வாட்சனுக்கு ஆப்கானிஸ்தானில் பட்ட குண்டு முதல் கதையில் தோளில் இருக்கிறது, இரண்டாவது கதையில் காலில் இருக்கிறது. 2010-ல் பிபிசி எடுத்த தொடரில் வாட்சனின் நொண்டல் மனத்திலிருந்து வருவது என்கிறார்கள். முதல் பகுதியிலேயே ஒரு துரத்தலில் கைத்தடியை மறந்துவிட்டு ஓடுகிறார், நொண்டல் போய்விடுகிறது. பார்க்கச் சுவையான காட்சிதான். அதைப் பார்த்து எழுதக் கற்றவர்களின் கதையில் ஒவ்வொரு காயமும் ஒரே ஓட்டத்தில் ஆறிவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடிபட்டது எந்தக் கால், பஸ் படியில் எந்தக் காலை முதலில் வைப்பார், மழைக்காலத்தில் வலிக்குமா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதி வரை அதை மாற்றாதீர்கள்.

வயதுக் கணக்கையும் அதே தாளில் போட்டுவிடலாம். 1971 போரில் இருபது வயது என்றால் இன்று எழுபதைத் தாண்டியவர். 1999-ல் கார்கிலில் இருபது என்றால் இன்னும் ஐம்பதைத் தொடாதவர். சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பதினைந்து ஆண்டுப் பணியிலேயே ஓய்வூதியம் உண்டு. நாற்பதுக்குள் ஊர் திரும்பி, வங்கி வாசலில் காவலாளியாக இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். நம் கதைகளில் மட்டும் அவர் எப்போதும் நரைத்த கர்னல். டெல்டாக் கிராமத்துக்குத் திரும்புபவர் பெரும்பாலும் கர்னலுக்கு வெகு கீழே உள்ள நாயக், ஹவில்தார், சுபேதார். எல்லாரும் துப்பாக்கியோடு நின்றவர்களும் அல்லர். தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவர், வண்டி பழுதுபார்த்தவர், மருத்துவப் பிரிவில் கட்டுப்போட்டவர் என்று பலர். டி.சி.க்கு ஹெலிகாப்டர் போல, கற்ற தொழில் கையோடு வரும். துப்பறியும் கதைக்கு மீசையைவிட அது நூறு மடங்கு உதவும்.

என் பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் இருந்தவர். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. ராணுவத்தில் அவர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். 1987-ல் இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். ஓய்வுபெற்றபின் நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டார். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குறுவைக்காக வரப்பு வெட்டி, அதன் மேல் புதுச் சேறு அப்பி அண்டை கட்டியிருப்பார்கள். அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால். ஈரம் பளபளக்கும் புது மண் வந்ததும் நின்றுவிடுவார். மண்வெட்டிக் காம்பால் இரண்டு இடத்தில் மெல்லக் குத்திப் பார்ப்பார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, அந்த இடத்தைத் தாண்டி மேலே ஏறுவார். என்னையும் இறங்கச் சொல்லிக் கை காட்டுவார். அண்டை கலையக் கூடாது என்ற அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன். குழி தோண்டி மூடிய சாலையிலும் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு பெரியம்மாவிடம் கேட்டேன். “தோண்டி மூடிய மண்ணென்றால் கால் வைக்கமாட்டார். அவரிடம் கேட்காதே, அவர் போகிற வழியில் போ” என்றார்.

தீபாவளி வெடிக்கு அவர் அசைந்ததே இல்லை. வெடிச் சத்தம் கேட்டதும் மேசைக்கடியில் பாய்வதை மட்டுமே போரின் அடையாளமாகக் காட்டுவது அடுத்த தவறு. அப்படி நடுங்குபவர்களும் உண்டு. ஆனால் அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்று கேட்டால்தான், உடம்பு எதை மறக்கவில்லை என்பது தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பவர் மனைவி. நம் தொடர்களில் பட்டாளத்துக்காரரின் மனைவி பெரும்பாலும் மாலை போட்ட புகைப்படமாகத் தொங்குகிறார். துப்புத் துலக்குபவருக்கு அவரைவிட நல்ல சாட்சி யார்?

எந்தப் போர் என்பதும் முக்கியம். கார்கிலில் உயிர்நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அந்தப் படையால் யாழ்ப்பாணத்துத் தமிழர் பட்ட துயரம் டெல்டாவின் வீடுகளிலும் ஆறாத துயரமாக இருந்தது. பெரியப்பாவும் தமிழர்தான். டீக்கடையில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வியட்நாமிலிருந்து மாலையும் மேளமும் இல்லாமல் ஊர் திரும்பியவர்களைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீக்கடை பெஞ்சு நினைவுக்கு வரும். தேசபக்திப் பாட்டு, பழிச்சொல் என்ற இரண்டில் ஒன்றை அவர் தலையில் கட்டுபவர்கள் அந்த பெஞ்சில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிரிப்பே கூடாதா என்று அந்த இளைஞர்கள் கேட்டார்கள். தாராளமாகச் சிரிக்கலாம். பெரியப்பா மாட்டை இந்தியில் அதட்டுவார். நாங்கள் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார். மேக்னம் தொடரில் ஹிக்கின்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் சார்ஜென்ட் மேஜர் தன் போர்க்கதைகளை நீட்டி முழக்குவார், கேட்பவர்கள் நழுவப் பார்ப்பார்கள். அது பழக்கத்தைப் பார்த்து வரும் சிரிப்பு. காயத்தைப் பார்த்துச் சிரிக்க வைப்பதைத்தான் விட்டுவிடச் சொன்னேன்.

பெரியப்பாவின் புது மண்ணையும் அவர்களிடம் சொன்னேன். சிலைக்கும் மண்ணுக்கும் நம் பக்கத்தில் பழைய உறவு உண்டு. 1976-ல் திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் மண்ணுக்கடியில் அகப்பட்ட நடராஜர், லண்டன் வரை கொண்டுபோகப்பட்டு, வழக்கு நடந்து, 1991-ல் திரும்பி வந்தார். இப்போது கதையை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். பட்டாளத்துக்காரர் தென்னந்தோப்பு வழியாக மாட்டை இந்தியில் அதட்டி ஓட்டிக்கொண்டு வருகிறார். ஓரிடத்தில் நிற்கிறார். காம்பால் தரையைக் குத்துகிறார். வாய்க்காலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிறார். அவர் கால் வைக்காமல் விட்ட இடத்தை அந்தப் பெண் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் காட்சிக்கு அவர்கள் வசனம் எழுதவில்லை.