லாப் ஸ்டீல் கிற்றாருக்குக் கம்பி வாங்கும்போது விடும் பிழைகள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடைக்குப் போய் "கிற்றார் கம்பி ஒரு செற் தாங்க" என்று கேட்டால், பெரும்பாலும் கையில் வருவது 9 அல்லது 10 செற்தான் (இலக்கம் முதல் கம்பியின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). சாதாரண எலெக்ட்ரிக் கிற்றாருக்கு அது போதும். மடியில் கிடத்தி ஸ்டீல் பாரால் வாசிக்கும் லாப் ஸ்டீல் கிற்றாருக்கு அதைப் பூட்டினால்தான் வில்லங்கம்.

எந்த டியூனிங் என்று முடிவெடுக்காமல் கம்பி வாங்குவதுதான் பெரிய பிழை. பலர் சி6 இல் தொடங்குவார்கள்: தடித்த கம்பியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. 10 செற்றில் ஆறாம் கம்பி 46. அது கீழ் ஈ-க்கென்று செய்தது. அதை சி வரைக்கும் ஏற்ற எட்டு அரைச்சுரம் முறுக்க வேண்டும். இழுவை இரண்டரை மடங்காகிவிடும். அதற்கு முன்பே அறுந்தும் விடலாம். ஐந்தாம் கம்பிக்கும் ஏழு அரைச்சுரம் ஏற்றம், அதற்கும் அதே ஆபத்துத்தான். முதல் கம்பியோ அதே ஈ-யில்தான் நிற்கும், ஆனால் 10 தடிப்பில் பாருக்குக் கீழே தொளதொளக்கும்.

சி6-க்கு முதல் கம்பியிலிருந்து 15, 18, 22, 26, 30, 36 நல்ல தொடக்கம். செற்றாகக் கிடைக்காவிட்டால் தனிக்கம்பிகளாகச் சேர்க்கலாம். கொழும்புக்குப் போகிறவரிடம் சொல்லி விடுவதென்றால் இலக்கங்களை எழுதிக் கொடுங்கள். "தடிச்ச கம்பி" என்று மட்டும் சொன்னால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்! ஓபன் டி டியூனிங் என்றால் கதை வேறு. அங்கே சாதாரண டியூனிங்கிலிருந்து நாலு கம்பிகள் கீழே இறங்கும், மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். ஆகவே 13–56 செற் பொருந்தும்.

மெல்லிய கம்பி விரலுக்குச் சுகம் என்பது இங்கே செல்லாது. விரலால் யாரும் அழுத்துவதில்லை, பார்தான் கம்பியில் கிடக்கிறது. கம்பி மெலிந்தால் பாரின் எடைக்குத் தாழ்ந்து இரையும். கம்பி அதிரும் நீளம் 22.5 அங்குலமான கிற்றாரில், 25.5 அங்குலக் கிற்றாரோடு ஒப்பிட்டால் அதே சுரத்தில் அதே கம்பியின் இழுவை ஏறத்தாழ 22 வீதம் குறையும். சின்னக் கிற்றாருக்குத்தான் தடிப்பான கம்பி வேண்டும்.

காந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) உள்ள கிற்றாருக்கு வெண்கலக் கம்பி போட வேண்டாம், நிக்கல் போடுங்கள். டோப்ரோ என்னும் ரெசொனேற்றர் கிற்றாருக்கான ஜி டியூனிங் செற்றைச் சாதாரண அக்கூஸ்டிக் கிற்றாரில் ஏற்றவே வேண்டாம். கம்பி பூட்டிய பிரிட்ஜ் பெயர்ந்து வரலாம்.

அப்புறம், உப்புக் காற்று. கல்லடி, காத்தான்குடிப் பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. லாப் ஸ்டீலில், மற்றக் கிற்றார்களின் கழுத்தில் உள்ள ஃப்ரெட் போல எதுவும் கம்பியைத் தேய்ப்பதில்லை, துருதான் அதைத் தின்கிறது. மேலே பார்த்தால் பளபளக்கும். அடியில் விரலைத் தடவிப் பாருங்கள், சொரசொரக்கும். வாசித்து முடிந்ததும் துணியை மடித்துக் கம்பிக்கு அடியால் விட்டு இழுங்கள். பூச்சுப் பூசிய செற் விலை கூட என்றாலும் இங்கே அது வீண்செலவில்லை. முதல் கம்பிக்கு மட்டும் 15 இல் இரண்டு தனியாக வாங்கி, காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள்.