ஷேர் செய்த ரிப்போர்ட்டோடு அடியில் இருக்கும் தரவும் போய்விடாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்செலில் ஒரு பிவட் டேபிள், அதாவது பெரிய தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை. துறைவாரியாகச் சம்பளச் செலவின் மொத்தம் மட்டும் தெரிகிறது. மூலத் தரவு இருந்த ஷீட்டையும் நீக்கிவிட்டு, தைரியமாக மெயிலில் அனுப்புகிறோம். பெறுபவர் ஏதாவது ஒரு தொகையின் மேல் டபுள் கிளிக் செய்தால் போதும், அதற்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஊழியரின் வரியும் புது ஷீட்டில் வந்து நிற்கும். பிவட் டேபிள் மூலத் தரவின் நகலைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஷீட்டை நீக்கினாலும் அது போவதில்லை.

லண்டனின் இஸ்லிங்டன் கவுன்சில் இதில்தான் மாட்டியது. தகவல் கேட்டு வந்த மனுவுக்கு அனுப்பிய கோப்புகளில் 2,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் பிவட் டேபிளுக்குள் இருந்தன. 2013இல் 70,000 பவுண்டு அபராதம். அதைப் பார்த்து யாரும் பெரிதாகப் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை அதேபோன்ற ஒரு மனுவுக்கு அனுப்பிய ஸ்ப்ரெட்ஷீட்டில் மறைந்திருந்த ஒரு ஷீட் வழியாக 9,483 பேரின் பெயர், பதவி விவரங்கள் வெளியே போயின. இந்த முறை அபராதம் 7,50,000 பவுண்டு. எண்கள் மட்டும் போனால் போதும் என்றால் புதிய கோப்பில் வேல்யூஸாக மட்டும் (பேஸ்ட் வேல்யூஸ்) ஒட்டி அனுப்புங்கள்.

எக்செலை விட்டு, ரிப்போர்ட் தயாரித்துப் பகிர உதவும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐக்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கும் இதே பழக்கம் வேறு உருவத்தில் தொடர்கிறது. ஒரு நெடுவரிசையை 'ஹைட்' செய்வது, பக்கத்தை மறைப்பது, ஃபில்டரைப் பூட்டுவது எல்லாம் பார்வைக்கான வசதிகள். ரிப்போர்ட்டுக்கு அடியில் இருக்கும் டேட்டாசெட்டின் (இப்போதைய பெயர் செமாண்டிக் மாடல்) மேல் 'பில்ட்' அனுமதி உள்ளவர் எக்செலிலிருந்து இணைத்தோ புது ரிப்போர்ட் போட்டோ அந்தத் தரவை எடுத்துக்கொள்ளலாம். ஷேர் செய்யும் பெட்டியில் இந்த அனுமதிக்கு ஒரு டிக் இருக்கிறது. அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை.

யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்பதற்கு இருக்கும் உண்மையான வழி ரோ லெவல் செக்யூரிட்டி: ஆட்களை ரோல்களாகப் பிரித்து, ஒவ்வொரு ரோலுக்கும் எந்த வரிகள் தெரியலாம் என்று வைக்கும் விதி. இங்கேதான் பெரிய ஓட்டை. ரிப்போர்ட்டுகளைக் குழுவாக வைத்திருக்கும் இடமான வொர்க்ஸ்பேஸில், பார்க்க மட்டும் அனுமதி உள்ள வியூவராக இருப்பவர்களை மட்டுமே இந்த விதி கட்டுப்படுத்தும். மாற்றவும் அனுமதி உள்ள அட்மின், மெம்பர், காண்ட்ரிபியூட்டர் மூவருக்கும் எல்லா வரிகளும் தெரியும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், ஒருவரை எந்த ரோலிலும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், அவருக்கு ரிப்போர்ட் திறப்பதில்லை, உடனே போன் வருகிறது. ரோலில் சேர்ப்பதை விட்டுவிட்டு அவரைக் காண்ட்ரிபியூட்டர் ஆக்கிவிடுகிறார்கள். ரிப்போர்ட் திறந்துவிட்டது, அவருக்கும் சந்தோஷம், நமக்கும் நிம்மதி. ஒரு கிளையின் விற்பனை மட்டும் பார்க்க வேண்டியவர் இப்போது எல்லாக் கிளைகளையும் பார்க்கிறார். இது புகாராக வராது, ஏனென்றால் அதிகமாகத் தெரிகிறது என்று யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

அதனால் ரிப்போர்ட்டை உருவாக்கியவரே தன் கணக்கில் திறந்து பார்த்து 'சரியா இருக்கு' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. ஒரு ரோலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் 'வியூ ஆஸ்' மூலம் ஒவ்வொரு ரோலாகப் பாருங்கள். அப்புறம் வியூவர் அனுமதி மட்டும் உள்ள ஒரு சோதனைக் கணக்கில் உள்ளே போய் எக்ஸ்போர்ட்டும் செய்து பாருங்கள். மெயில் ஐடியை வைத்து வரிகளைப் பிரிக்கும் அட்டவணை இருந்தால், ஆள் துறை மாறும்போது அதை யார் மாற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மற்றக் கருவிகளிலும் கதை அதிகம் மாறாது. டேப்லோவில் சுருக்கத் தரவை இறக்குவதற்கும் முழுத் தரவை இறக்குவதற்கும் தனித்தனி அனுமதி உண்டு, இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிடாதீர்கள். லுக்கர் ஸ்டூடியோவில் உரிமையாளரின் அனுமதியில் டேட்டா சோர்ஸ் ஓடினால், மூலத் தரவுக்கே அனுமதி இல்லாதவரும் ரிப்போர்ட் வழியாக அதைப் பார்ப்பார். பவர் பிஐயின் 'பப்ளிஷ் டு வெப்' பற்றி ஒரே வரி: லாகின் இல்லாமல் உலகமே பார்க்கலாம், அலுவலக ரிப்போர்ட்டுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

இதையெல்லாம் படித்துப் பயந்து எக்ஸ்போர்ட்டை எல்லோருக்கும் நிறுத்துவதும் தவறுதான் என்பேன். வேலைக்கு எண்கள் தேவைப்படுபவர் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார், இல்லையென்றால் அனுமதி உள்ள நண்பரிடம் முழு ஃபைலையே கேட்டு வாங்குவார். தேவையான அளவுக்குச் சுருக்கிய தனி டேட்டாசெட் ஒன்றைக் கொடுத்து, அதில் தாராளமாக எக்ஸ்போர்ட் செய்ய விடுவது மேல். போன் நம்பரும் அடையாள எண்ணும் எந்த விஷுவலிலும் (வரைபடம், அட்டவணை) வரப்போவதில்லை என்றால் அவற்றை மாடலுக்குள்ளேயே ஏற்றாதீர்கள்.

அனுமதிகளைச் சரியாக வைத்த பிறகும் கசியும் இடம் ஒன்று உண்டு. இரண்டே பேர் உள்ள குழுவின் சராசரிச் சம்பளத்தைக் காட்டினால், தன் சம்பளம் தெரிந்த ஒருவர் மற்றவருடையதைக் கணக்குப் போட்டுவிடுவார். ஒரே ஆள் என்றால் கணக்கே வேண்டாம். இத்தனை பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணைக் காட்டக் கூடாது என்று ஒரு எல்லை வைத்து, சின்னக் குழுக்களை 'மற்றவை'யில் சேர்த்துவிடுங்கள். அந்த 'மற்றவை'யில் ஒரே ஒரு குழுதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் இன்னொரு குழுவையும் அதில் சேர்க்க வேண்டியிருக்கும்.