ரயிலில் சொட்டிய கயாக்

காற்றடைக்கும் கயாக்கை, அதாவது சின்னத் துடுப்புப் படகை, பையில் போட்டு ரயிலில் போவது சுலபம்தான். திரும்பி வருவதுதான் தொல்லை. முதல் தடவை, ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். ரெண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் பைக்கு அடியிலிருந்து ஒரு கோடு ஓடி எதிர் இருக்கைக்காரரின் செருப்பைத் தொட்டது. அவர் காலை நகர்த்தினாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கூசியது.

இப்போது கரையேறியதும் காற்றைப் பிடுங்குவதில்லை. உப்பிய நிலையிலேயே கவிழ்த்துச் சாய்த்து வைக்கிறேன். படகில் காற்று நிரம்பிய தரைக்குழாய்க்கும் பக்கக்குழாய்க்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் தண்ணீர் பதுங்கியிருக்கும். அங்கே விரலில் துண்டைச் சுற்றி இழுத்துத் துடைக்க வேண்டும். அப்புறம் வால்வைத் திறந்து காற்றை விட்டுவிட்டு, வால்வு இல்லாத முனையிலிருந்து சுருட்டினால் மிச்சக் காற்றும் தானாக வெளியேறிவிடும். அதன் மேல் நீர்புகாப் பை. இதற்கெல்லாம் இருபது நிமிடம் ஆகிறது, பரவாயில்லை.

துடுப்பு நாலு துண்டாகக் கழல்வது, பைக்குள்ளேயே அடங்கிவிடும். கூட்ட நேரத்தில் மட்டும் ஏறுவதில்லை. பன்னிரண்டு கிலோ மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பினால் யாராவது இடிபடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துவிடுகிறேன், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும்.