லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிப் பட்டியலை அடியிலிருந்து கட்டுங்கள்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்பை மையமாகக் கொண்ட சிறு கல்லூரிகளே லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள். அவற்றில் எவற்றுக்கு விண்ணப்பிப்பது என்று வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், போமோனா என மேலிருந்து எழுதத் தொடங்கினால் பட்டியல் தேறாது. இவை பத்தில் ஒருவருக்குக்கூட இடம் தருவதில்லை. நான் எப்போதும் இடம் கிடைப்பது உறுதியான மூன்று கல்லூரிகளை முதலில் எழுதச் சொல்வேன். பிறகு நடுத்தரம் நான்கு, எட்டாக்கனி மூன்று.

கல்லூரி தன் சேர்க்கை, நிதியுதவி விவரங்களைத் தொகுத்துத் தளத்தில் போடும் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தைத் திறந்து, மொத்தச் சேர்க்கையைச் சொல்லும் சி1, 'ஏர்லி டிசிஷன்' பற்றிச் சொல்லும் சி21 ஆகிய இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படியுங்கள். உதாரணத்துக்கு, 5,000 விண்ணப்பத்தில் 1,000 பேர் தேர்வு என்றால் 20 சதவீதம். அதில் 'ஏர்லி டிசிஷன்' (இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று முன்கூட்டியே விண்ணப்பிப்பது) வழியாக 500 பேர் போட்டு 250 பேர் தேறியிருந்தால், மற்றவர்களுக்கு மிஞ்சுவது 4,500க்கு 750. அதாவது 17 சதவீதத்துக்கும் கீழே. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

தேர்வில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று காட்டும் சி7 பகுதியில் 'விண்ணப்பதாரரின் ஆர்வம்', அதாவது அந்தக் கல்லூரி மீது காட்டும் ஆர்வம், முக்கியம் என்று குறித்திருந்தால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அந்த இடம் உறுதியில்லை. இணையவழி அறிமுகக் கூட்டம், நேர்காணல் எதையும் விடாதீர்கள்.

வெளிநாட்டு மாணவர், தங்களுக்கான நிதியுதவியைச் சொல்லும் எச்6 பகுதியைப் பார்க்க வேண்டும். ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற வெகுசில கல்லூரிகளே நிதித்தேவையைப் பார்க்காமல் அவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பணம் கட்ட முடியாத கல்லூரி, சேர்க்கை எளிதென்றாலும், உறுதி வரிசையில் வராது.

பாடப்பட்டியல் கையேட்டை நம்பாதீர்கள். நான்கு பேராசிரியர் உள்ள துறையில் ஒருவர் விடுப்பில் போனாலே மேல்நிலைப் பாடம் நின்றுவிடும். கடந்த நான்கு செமஸ்டர்களின் வகுப்பு அட்டவணையைப் பாருங்கள்.