ஒரே பயிற்சித்தாள், ஆளுக்கொரு நகல்

கூகுள் டாக்ஸில் பயிற்சித்தாள் தயாரித்து இணைப்பை அனுப்பினால், எனக்கு விடைகளுக்குப் பதிலாக அனுமதி கேட்கும் மின்னஞ்சல்கள்தான் வரிசையாக வந்தன. பார்க்க மட்டும் அனுமதித்தால் பிள்ளைகளால் எழுத முடியாது. திருத்த அனுமதித்தாலோ எல்லோரும் ஒரே தாளில் எழுதுவார்கள். ஒருத்தி பாடுபட்டு எழுதிய பத்தியை இன்னொருவன் தெரியாமல் அழித்துவிடுவான். அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காது. (அழிந்தது போகட்டும் என்று விடவேண்டாம். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போனால் பழைய வடிவம் கிடைக்கும்.)

வழி அந்த இணைப்பிலேயே இருந்தது. முகவரியின் கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு 'எடிட்' (edit) என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதையும் அதற்குப் பின்னால் ஒட்டியிருப்பதையும் அழித்துவிட்டு, 'காப்பி' (copy) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி அனுப்பினேன். இணைப்பைத் திறந்ததும் நகல் எடுக்கவா என்று கேட்கும். சரி என்றால் அவரவர் கூகுள் டிரைவில் (இணையச் சேமிப்பிடத்தில்) தனி நகல். மூலத்தாளில் யார் கையும் படாது. கூகுளின் அட்டவணைச் செயலியான ஷீட்ஸ், காட்சிச் செயலியான ஸ்லைட்ஸ் இரண்டிலும் இதே வேலை நடக்கும்.

பகிர்வு அமைப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு வைத்திருப்பவர்கள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டும். பார்ப்பவர்கள் நகலெடுப்பதைத் தடுத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்குக் கூகுள் கணக்கும் வேண்டும்.

அப்புறம், எழுதி முடித்த நகலை அவர்கள்தான் நமக்குப் பகிர வேண்டும். கூகுள் கிளாஸ்ரூம் (வகுப்புப் பணிகளைக் கொடுத்து வாங்கும் செயலி) வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை: தாளை இணைக்கும்போதே 'ஒவ்வொரு மாணவருக்கும் நகல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.